வரிச்சீட்டும் வாக்குச்சீட்டும்

இங்கிலாந்து நகரவை ஒன்றின் தேர்தல் வரலாற்றை எழுதப் புகுபவர்கள் வழக்கமாகச் செய்வது ஓர் அட்டவணை போடுவது. இந்த ஆண்டில் இந்தக் கட்சிக்கு இத்தனை இடம், அடுத்த தேர்தலில் இத்தனையாகக் குறைந்தது, பிறகு ஆட்சி மாறியது என்று எண்கள் கட்டம் கட்டமாக நிற்கும். அட்டவணை பொய் சொல்வதில்லை. ஆனால் முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிடும். வாக்காளர் பட்டியலில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் விடுபட்டது, வென்றவர்களால் எதைச் செய்ய முடிந்தது, எதைச் செய்தால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது என்பதெல்லாம் அந்தக் கட்டங்களுக்கு வெளியே கிடக்கும். கிழக்கு லண்டனில் 1900 முதல் 1965 வரை இருந்த பாப்ளார் பரோ இதற்கு நல்ல சாட்சி. 1921இல் அதன் கவுன்சில் உறுப்பினர்கள் 30 பேர் சிறைக்குப் போனார்கள். 'பாப்ளாரிசம்' என்று ஆங்கில அரசியலில் ஒரு சொல்லே பிறந்தது. அதை வீரக்கதையாகச் சொல்பவர்கள் உண்டு, ஊதாரித்தனத்தின் கதையாகச் சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே கதையின் நடுப்பகுதியில் தொடங்கிவிடுகின்றன என்பது என் எண்ணம். ஆங்கில நகரவைகளில் வாக்கு என்பது வரி கட்டியதற்குக் கிடைக்கும் ரசீதா, ஊரில் வாழ்பவரின் உரிமையா என்ற பழைய வழக்கு பாப்ளாரில்தான் முற்றியது. அங்கே தெரிய வந்த இன்னொன்றும் உண்டு: வாக்குரிமை விரிந்த ஒவ்வொரு முறையும், அந்த வாக்கின் கையைக் கட்ட வேறொரு கயிறு தேடப்பட்டது.

பரோ என்பது பழைய சொல். அரசரிடம் சாசனம் பெற்று, மேயரும் ஆல்டர்மேன்களும் நகரவாசிகளுமாகத் தன்னைத் தானே ஆண்டுகொண்ட ஊருக்கு அந்தப் பெயர். அதன் நகல் ஒன்று நமக்கும் வந்தது. 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் மாநகராட்சியை ஏற்படுத்தியபோது மேயர், ஆல்டர்மேன் என்ற பட்டங்களையும் சேர்த்தே கப்பலேற்றி அனுப்பியது. இங்கிலாந்தில் இந்தப் பழைய பரோக்களுக்குப் பொதுவான தேர்தல் முறை வந்தது 1835ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தால்தான். அந்தச் சட்டம் யாரை வாக்காளராக ஏற்றது என்பதில் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது: ஊரில் வீடோ கடையோ வைத்திருந்து, அதற்கான வீட்டுவரியைத் தவறாமல் கட்டிய ஆண்கள். ஏழைகளுக்கான பொது உதவியைப் பெற்றவர் பெயர் பட்டியலில் ஏறாது. 1869இல் வரி கட்டும் பெண்களுக்கும் இந்த வாக்கு கிடைத்தது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கப் பெண்கள் இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில் நகரவை வாக்கு மட்டும் அவர்களுக்கு எளிதாகக் கிடைத்ததற்குக் காரணம் பெருந்தன்மையன்று. வரி கட்டியவர் ஆணா பெண்ணா என்று ரசீது கேட்பதில்லை. ஆனால் 1872இல் நீதிமன்றம் மணமான பெண்ணுக்கு அந்த வாக்கு இல்லை என்றது. வீடு கணவன் பெயரில் இருந்தது, ரசீதும் அவன் பெயரில் இருந்தது.

ரசீதுக் கொள்கை முழு வடிவில் நின்ற இடம் ஏழைகளுக்கான உதவியை நிர்வகித்த காப்பாளர் வாரியங்கள். நகரவை வேறு, இந்த வாரியம் வேறு. இரண்டுக்கும் தனித்தனித் தேர்தல், ஆனால் இரண்டின் செலவும் அதே வீட்டுவரியிலிருந்துதான். 1894 வரை வாரியத் தேர்தலில் சொத்தின் மதிப்புக்கு ஏற்ப ஒருவருக்கு ஆறு வாக்குகள் வரை உண்டு. சொந்தக்காரராகவும் குடியிருப்பவராகவும் இருந்தால் பன்னிரண்டு. வேட்பாளராக நிற்பதற்கும் சொத்து வேண்டும். அந்தத் தகுதி தளர்த்தப்பட்ட உடனேயே, 1893இல், பாப்ளார் வாரியத்துக்குள் நுழைந்தவர்கள் வில் குரூக்ஸும் ஜார்ஜ் லான்ஸ்பரியும். குரூக்ஸ் பீப்பாய் செய்யும் தொழிலாளி. சிறுவயதில் ஏழைகள் விடுதிக்குள் அனுப்பப்பட்டவர். தான் அடைபட்டிருந்த அமைப்பை நிர்வகிக்கவே அவர் திரும்பி வந்தார். 1901இல் பாப்ளாரின் மேயரும் ஆனார், லண்டனின் முதல் தொழிலாளர் மேயர். ஆட்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே திறமையோடு பத்து ஆண்டுக்கு முன் நின்றிருந்தால் அவர்கள் மனுவே ஏற்கப்பட்டிருக்காது.

லண்டன் 1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே இருந்தது. 1899இல் வந்த தனிச் சட்டம்தான் பெருநகரை 28 பரோக்களாகப் பிரித்தது. போ, புரோம்லி, பாப்ளார் ஆகிய மூன்று பழைய வட்டங்கள் சேர்ந்து ஒரு பரோவாயின. அந்தச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. முன்பிருந்த வட்ட அவைகளில் பெண்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். புதிய பரோ கவுன்சில்களில் அவர்கள் அமரக்கூடாது என்று நாடாளுமன்றம் விலக்கியது. பதவிக்கு மதிப்புக் கூடியதும் கதவு மூடப்பட்டது. 1907இல்தான் அது மறுபடி திறந்தது. ஊரோ தேம்ஸ் நதியின் வளைவில் கப்பல்துறைகளைச் சுற்றி அமைந்தது. மேற்கிந்தியத் துறை, கிழக்கிந்தியத் துறை, தீப்பெட்டித் தொழிற்சாலை, ரயில் பட்டறை. துறைமுக வேலை நாள்கூலி. காலையில் வாசலில் நின்றால்தான் அன்றைய வேலை உண்டா இல்லையா தெரியும். அப்படிப்பட்ட ஊரில் போர்க்காலத்துக்கு முன் நடந்த ஐந்து தேர்தல்களிலும் தொழிலாளர் பக்கத்தினர் சிறுபான்மையாகவே இருந்தார்கள். 1912க்குப் பின் போரால் தேர்தல் தள்ளிப்போய், 1919 நவம்பரில் நடந்தபோது மொத்தம் 42 இடங்களில் 39 லேபர் கட்சிக்குக் கிடைத்தன. லான்ஸ்பரி மேயரானார்.

இடையில் என்ன நடந்தது? போர், விலைவாசி, ரஷ்யப் புரட்சி, தொழிற்சங்கங்களின் வளர்ச்சி எல்லாம் நடந்தன. ஆனால் நகரவைத் தேர்தலைப் பொறுத்தவரை அடிப்படையானது 1918ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். பொது உதவி பெற்றவர் வாக்கை இழப்பார் என்ற விதியை அது நீக்கியது. வீடு வைத்திருப்பவரின் மனைவிக்கு, 30 வயது நிறைந்திருந்தால், கணவனின் குடியிருப்பை வைத்தே நகரவை வாக்கு கொடுத்தது. சமையலறையில் வாடகையும் ரொட்டி விலையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர்கள் முதன்முறையாகப் பட்டியலில் ஏறினார்கள். எல்லோரும் ஏறிவிடவில்லை. பெற்றோர் வீட்டில் இருந்த வயதுவந்த மகன்களும், தட்டுமுட்டுச் சாமானோடு வாடகைக்குவிட்ட அறைகளில் இருந்தவர்களும் நகரவைப் பட்டியலுக்கு வெளியேதான். குடியிருப்பை 'வைத்திருப்பவர்' என்ற பழைய அச்சாணி அப்படியே இருந்தது. ஆனால் வரி ரசீது என்ற ஆணி கழன்றுவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வாக்குரிமை விரிந்ததுதான் காரணம் என்றால், அதே சட்டத்தின்கீழ் 1918 டிசம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் லான்ஸ்பரி ஏன் போ - புரோம்லி தொகுதியில் தோற்றார்? பதினொரு மாதத்தில் வாக்காளர் மாறிவிட்டார்களா? மறுப்பில் உண்மை இருக்கிறது. வாக்குரிமை தானாக யாரையும் வெல்ல வைப்பதில்லை. 1918 தேர்தல் வெற்றிக் களிப்பில் நடந்தது, படைவீரர்கள் பலர் ஊர் திரும்பியிருக்கவில்லை, லான்ஸ்பரி போரை எதிர்த்தவர். ஜெர்மனியை என்ன செய்வது என்று கேட்ட தேர்தல் அது. 1919 நவம்பரில் கேட்கப்பட்டது குழாயடி, குப்பை, வாடகை, பால் பற்றிய கேள்வி. இன்னொரு மறுப்பும் உண்டு. அந்த 1919 தேர்தலில் லண்டன் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் வாக்களித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஒரு வார்டுக்குப் பல இடங்கள் இருந்து, அதிக வாக்கு பெற்றவர்கள் எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்ளும் முறையில் 39 என்ற எண் ஆதரவை மிகைப்படுத்தியே காட்டும். இதை மறுக்க முடியாது. ஆனால் முந்தைய தேர்தல்களில் எதிர்ப்பக்கத்தாரின் பெரும்பான்மைகளையும் இதே முறைதான் ஊதிப் பெரிதாக்கியது. அப்போது யாரும் அவற்றைப் போலி என்று சொல்லவில்லை. 42 பேரோடு 7 ஆல்டர்மேன்கள் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆல்டர்மேனை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்களே ஆறு ஆண்டுக்கு அமர்த்துவார்கள். பழைய பிரபுத்துவ மிச்சம் அது. அதை லேபர்காரர்கள் கூசாமல் பயன்படுத்திக்கொண்டார்கள். லான்ஸ்பரியின் மருமகளும் பள்ளி ஆசிரியையுமான மின்னி லான்ஸ்பரி அப்படி வந்தவர்தான்.

வென்றவர்களை எதிர்கொண்டது ஓர் எளிய கணக்கு. வீட்டுவரி கட்டடத்தின் வாடகை மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங், இத்தனை பென்ஸ் என்று போடப்படும். ஒரு பென்னி வரி போட்டால் வெஸ்ட்மின்ஸ்டரில் 30,000 பவுண்டுக்குமேல் வரும். பாப்ளாரில் சுமார் 3,600 பவுண்டுதான். பாப்ளாரிலோ வேலையில்லாதவர்கள் அதிகம், உதவிக்கு வந்து நிற்பவர்கள் அதிகம். 1867 முதல் லண்டனுக்குப் பொதுவான ஏழைகள் நிதி ஒன்று இருந்தது உண்மை. ஆனால் விடுதிக்குள் அடைக்கப்பட்ட ஏழையின் செலவைத்தான் அது பகிர்ந்துகொண்டது; வீட்டிலிருந்தபடி உதவி பெறும் குடும்பத்தின் செலவு முழுவதும் அந்தந்த ஊரின் தலையில். அதாவது வேலை போன துறைமுகத் தொழிலாளியை மனைவி மக்களிடமிருந்து பிரித்து விடுதிக்குள் தள்ளினால் பணக்காரப் பேட்டைகளும் செலவில் பங்கு கொடுக்கும். வீட்டில் வைத்துச் சோறு போட்டால் கொடுக்காது. 1920இன் இறுதியில் வேலையின்மை பெருகியபோது இந்த ஏற்பாட்டின் கொடுமை வெட்டவெளிச்சமானது. போதாததற்கு லண்டன் கவுண்டி கவுன்சில், போலீஸ், மருத்துவமனைகளை நடத்திய வாரியம், குடிநீர் வாரியம் ஆகிய மேலமைப்புகளுக்கும் பரோதான் வரி வசூலித்துக் கட்ட வேண்டும். 1921 மார்ச்சில் பாப்ளார் கவுன்சில் ஒரு முடிவெடுத்தது: ஊரின் தேவைக்கு வரி போடுவோம், மேலமைப்புகளுக்கான பங்கைப் போட மாட்டோம்.

வழக்கு வந்தது. 1921 ஜூலை 29 அன்று கவுன்சிலர்கள் பேண்டு வாத்தியத்துடன், செங்கோல் ஏந்திய ஊழியர் முன்னே நடக்க, போவிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். நீதிமன்றம் வரியைப் போடு என்றது, அவர்கள் மறுத்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கைது. ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கு, பெண்கள் ஐவர் ஹாலோவே சிறைக்கு. அந்த ஐவரில் ஒருவரான நெல்லி கிரெஸல் அப்போது கர்ப்பிணி. கவுன்சில் கூட்டம் நடத்த வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்க, பிரிக்ஸ்டன் சிறையிலேயே கூட்டங்கள் நடந்தன. பெண் உறுப்பினர்களை ஹாலோவேயிலிருந்து வண்டியில் கூட்டிவந்தார்கள். அக்கம்பக்கத்து ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் இதே வழியில் இறங்கத் தீர்மானித்தன. அக்டோபர் 12 அன்று பாப்ளார் கவுன்சிலர்கள் விடுவிக்கப்பட்டார்கள். சில வாரங்களில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, வீட்டிலிருந்து பெறும் உதவியின் செலவையும் பொது நிதி ஏற்கும்படி செய்தது. ஆறு வாரச் சிறை அரை நூற்றாண்டுக் கணக்கைத் திருத்திவிட்டது. மின்னி லான்ஸ்பரி 1922 புத்தாண்டு நாளில் நிமோனியாவால் இறந்தார், வயது 32. போ சாலையில் அவர் நினைவாக ஒரு கடிகாரம் இன்றும் இருக்கிறது.

இந்த எதிர்ப்பைச் சனநாயகத்தின் பெயரால் ஆதரிப்பவர்கள் ஒரு சங்கடமான கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள். லண்டன் கவுண்டி கவுன்சிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புத்தானே? அதற்கும் பாப்ளார் மக்கள் வாக்களித்தார்கள். சிறைக்குப் போன சூசன் லாரன்ஸே அதில் பாப்ளாரின் பிரதிநிதி. ஒரு தேர்தலின் முடிவை வைத்துக்கொண்டு இன்னொரு தேர்தலின் முடிவுக்குப் பணம் தர மறுப்பது எப்படி நியாயம்? இதற்கு முழுமையான பதில் இல்லை என்றே நினைக்கிறேன். எல்லா ஊர்களும் பிடிக்காத பங்கை நிறுத்திக்கொண்டால் லண்டனில் சாக்கடையும் ஓடாது, தீயணைப்பு வண்டியும் ஓடாது. அரைப்பதில் ஒன்று உண்டு: கவுண்டி கவுன்சிலின் பெரும்பான்மை எந்தப் பேட்டைகளிலிருந்து வந்ததோ அந்தப் பேட்டைகளுக்கே செலவைப் பகிராத ஏற்பாட்டால் லாபம் இருந்தது. தோற்றவர்கள் அடுத்த தேர்தல்வரை காத்திருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் காத்திருப்பதற்கான செலவை எப்போதும் ஒரே பக்கம் கட்ட வேண்டியிருக்கும்போது அது வெறும் பொறுமைப் பாடமாகிவிடுகிறது. பாப்ளார்காரர்கள் செய்தது சட்டமீறல். சட்டத்தை மாற்ற வேறு வழி அவர்களுக்கு அந்த ஆண்டில் இருந்ததா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை.

எதிரணியின் வலுவான வாதம் வேறு, அது இன்றும் கேட்கும் வாதம்: வரி கட்டாதவர்கள் வாக்குப் போட்டு, வரி கட்டுபவர்களின் பணத்தைத் தங்களுக்கே எடுத்துக்கொள்கிறார்கள். உதவி வாங்குபவரே உதவியின் அளவைத் தீர்மானிப்பவரைத் தேர்ந்தெடுத்தால் கஜானா என்னாகும்? கேட்பதற்குக் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் கிழக்கு லண்டனில் வாரவாடகைக்கு இருந்த குடும்பங்களின் வீட்டுவரியைப் பெரும்பாலும் வீட்டுக்காரர் மொத்தமாகக் கட்டி, அதை வாடகையில் ஏற்றிவிடுவார். ரசீதில் பெயர் வீட்டுக்காரருடையது, பணம் குடியிருப்பவருடையது. 1869ஆம் ஆண்டுச் சட்டமே இப்படிப்பட்ட குடியிருப்பாளரை வரி கட்டியவராகத்தான் கருதியது. வரி ஏறினால் அடுத்த வாரமே வாடகைப் புத்தகத்தில் தெரியும். வரி கட்டாத வாக்காளர் என்று சொல்லப்பட்டவர், தன் வருமானத்தில் வெஸ்ட்மின்ஸ்டர்காரர் கொடுத்ததைவிடப் பெரும் பங்கை வரியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் கூடுதல் செலவுக்கு வாக்களித்தார் என்றால், அடுத்தவன் பணம் என்ற விளக்கம் செல்லாது.

லேபர் கட்சிக்குள்ளேயே இதை எதிர்த்தவர் ஹெர்பர்ட் மாரிசன். பக்கத்து ஹாக்னியின் மேயராக இருந்த அவர், பாப்ளாரின் வழி நடுத்தர வாக்காளரை விரட்டிவிடும், சட்டத்துக்குள் நின்று நல்ல நிர்வாகம் காட்டுவதே தேர்தலில் வெல்லும் வழி என்றார். 1922 நவம்பரில் சோதனை வந்தது. லண்டன் முழுவதும் லேபர் கட்சி பலத்த அடி வாங்கியது. மாரிசனின் ஹாக்னி கைநழுவியது. பாப்ளார் நழுவவில்லை. அதே மாதப் பொதுத்தேர்தலில் லான்ஸ்பரி போ - புரோம்லியிலும், சிறைக்காலத்தில் மேயராக இருந்த சாம் மார்ச் தெற்குப் பாப்ளாரிலும் வென்றார்கள். இதை வைத்து மாரிசன் முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. 1934இல் கவுண்டி கவுன்சிலையே லேபர் கட்சிக்கு வென்று கொடுத்தவர் அவர். பாப்ளாரில் வென்ற வழி கடைத்தெருக்காரர்களும் குமாஸ்தாக்களும் மிகுந்த பேட்டையில் வென்றிருக்குமா என்பது ஐயம்தான். ஆனால் சட்டத்துக்குள் நின்றால் இடம் காப்பாற்றப்படும் என்ற வாக்குறுதி 1922இல் பொய்த்தது என்பது பதிவில் இருக்கிறது. பாப்ளார் கவுன்சிலில் ஆல்டர்மேனாக இருந்தவர்களில் ஒருவர் மியூரியல் லெஸ்டர். 1931 வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி ஓட்டலை மறுத்து மூன்று மாதம் தங்கியது, போவில் அவர் நடத்திய கிங்ஸ்லி ஹாலில்தான். காந்தியைப் பார்க்கத் தெருவில் கூடிய குடும்பங்கள் இந்த வாக்காளர்கள்தாம்.

வாக்குப்பெட்டியில் தோற்கடிக்க முடியாததை வேறு வழியில் தோற்கடிக்கும் முயற்சி இதற்குள் தொடங்கிவிட்டது. பாப்ளார் கவுன்சில் 1920இல் தன் ஊழியர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வாரம் 4 பவுண்டு என்று வைத்தது, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக. பின்னர் விலைவாசி இறங்கியபோதும் ஊதியத்தை இறக்கவில்லை. மாவட்டத் தணிக்கையாளர் இதை மிகை என்று தீர்மானித்து, 5,000 பவுண்டை உறுப்பினர்கள் கைப்பொறுப்பாகக் கட்ட வேண்டும் என்றார். நம் கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றி அறிந்தவர்களுக்குத் தண்டத்தீர்வை என்ற சொல் பழக்கம், அதுதான் இது. மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்சிலின் பக்கம் நின்றது. பிரபுக்கள் அவை 1925இல் அதைப் புரட்டியது. தகுந்தது என்று கவுன்சில் கருதும் ஊதியத்தைத் தரலாம் என்றுதான் சட்டத்தில் இருந்தது. 'தகுந்தது' என்றால் நியாயமான அளவு என்றே பொருள், அந்த அளவைச் சந்தைக் கூலி காட்டும் என்று பிரபுக்கள் பொருள் கூறினார்கள். சோஷலிசக் கொடையுணர்வும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற பெண்ணிய ஆசையும் தலைக்கேறியதால் வந்த வினை என்ற கருத்தும் தீர்ப்பில் ஏறியது. தீர்ப்பின் உள்ளே இருந்த கொள்கைதான் நம் வழக்குக்கு முக்கியம்: கவுன்சிலர்கள் வரி கட்டுபவர்களின் பணத்துக்குத் தர்மகர்த்தாக்கள் போன்றவர்கள். வாக்காளர் அந்தச் சித்திரத்தில் இல்லை. 1918இல் பட்டியலிலிருந்து கழன்ற வரி ரசீது, 1925இல் தீர்ப்பின் வழியாகத் திரும்பி வந்தது.

கவுன்சிலர்கள் என்ன வேண்டுமானாலும் செலவழிக்கலாமா, தணிக்கையே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். திருட்டையும் சட்டவிரோதச் செலவையும் பிடிக்கத்தான் தண்டத்தீர்வை வந்தது. ஆனால் பாப்ளாரில் யாரும் ஒரு பென்னியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளவில்லை. அதிக ஊதியம் தருவோம் என்று வெளிப்படையாகச் செய்து, அதற்காகவே மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். கொள்கை தவறாக இருந்திருக்கலாம். கொள்கைத் தவறுக்குத் தண்டனை தேர்தலில் தோற்பது, வீட்டை ஜப்தி செய்வது அல்ல. அடுத்தடுத்து வந்த சட்டங்கள் இந்த வேறுபாட்டை அழித்தன. 1926இல் பக்கத்து வெஸ்ட் ஹாம் காப்பாளர் வாரியத்தை, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை நீக்கிவிட்டு, அமைச்சர் நெவில் சேம்பர்லின் தம் ஆட்களிடம் ஒப்படைக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் 500 பவுண்டுக்குமேல் தண்டத்தீர்வை விதிக்கப்பட்டவர் ஐந்தாண்டு பதவி வகிக்கத் தகுதியிழப்பார் என்றது. 1930 ஏப்ரலில் காப்பாளர் வாரியங்களே ஒழிந்தன. அவற்றின் தேர்தலும் ஒழிந்தது. வாக்காளரைக் குறைக்க முடியாத காலத்தில், வாக்காளர் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் எதற்காகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதும் குறைக்கப்பட்டன. வாடகை ஏற்ற மறுத்த டெர்பிஷயர் கிளே கிராஸ் ஊரின் 11 கவுன்சிலர்களை 1970களிலும், வரி நிர்ணயத்தைத் தள்ளிப்போட்ட லிவர்பூல், லாம்பெத் கவுன்சிலர்களை 1980களிலும் பதவியிழக்கச் செய்தது இதே கயிறுதான். 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை அவிழ்த்தது.

1945இல் நாடாளுமன்ற வாக்காளர் எல்லோருக்கும் நகரவை வாக்கு வந்தது. வீட்டை 'வைத்திருக்க' வேண்டியதில்லை, வாழ்ந்தால் போதும். பெற்றோர் வீட்டில் இருந்த பிள்ளைகள், ஒற்றை அறை வாடகைக்காரர்கள், பின்னாளில் காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் - யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்கள் உட்பட - இந்த வாசலில்தான் நுழைந்தார்கள். கடை வைத்திருப்பதற்காகக் கிடைத்த கூடுதல் வாக்கு 1969இல் நீங்கியது, லண்டன் நகரின் பழைய கார்ப்பரேஷன் ஒன்றைத் தவிர. பாப்ளார் 1965இல் ஸ்டெப்னி, பெத்னல் கிரீனோடு சேர்ந்து டவர் ஹாம்லெட்ஸ் ஆகிவிட்டது. வழக்கு முடிந்ததாகத்தான் தோன்றியது.

1986இல் மார்கரெட் தாட்சர் அரசு உள்ளாட்சி நிதி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இங்கிலாந்தில் உள்ளாட்சி வாக்காளர் சுமார் 3.5 கோடிப் பேர். வீட்டுவரிக்குப் பொறுப்பானவர்கள் சுமார் 1.8 கோடி, அதை முழுமையாகக் கட்டுபவர்கள் ஏறக்குறைய 1.2 கோடி. வாக்களிப்பவர் எல்லோரும் கட்டாததால்தான் கவுன்சில்கள் கண்டபடி செலவழிக்கின்றன என்பது அறிக்கையின் வாதம். பாப்ளார் காலத்து வாதம் புள்ளிவிவர உடையில் வந்தது, அவ்வளவுதான். இம்முறை வாக்கைப் பிடுங்க முடியாது. ஆகவே வயதுவந்தோர் ஒவ்வொருவர் தலைக்கும் வரி போட்டார்கள். மாளிகைக்காரருக்கும் மாடிவீட்டு வாடகைக்காரருக்கும் ஒரே தொகை, மிக ஏழைக்கும் ஐந்தில் ஒரு பங்காவது உண்டு. 1990 ஏப்ரலில் இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வந்தது, கலவரம் நடந்தது, தாட்சர் பதவியிழந்தார், 1993இல் வேறு வரி வந்தது. அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. சட்டப்படி வரிப்பட்டியல் வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. ஆனால் ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதில் பிடித்துவிடுவார்கள் என்று மக்கள் அஞ்சினார்கள். வரிக்குத் தப்புவதற்காக, ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பாமலே பலர் விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டுகளின் பட்டியல்களை, நகர்ப்புற ஏழைப் பேட்டைகளுடையதைக் குறிப்பாக, மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டது விடுபட்ட பெயர்களை.